அவர் பேரில் ஓடிய ஃபேமிலி பிளான்

விலை ஏறப்போகிறது என்ற செய்தி என் கணவருடைய போனுக்குத்தான் வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜரில் கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்து, ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அவர் மௌத்தாகி அப்போது மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

மீட்டிங் முடிந்த பிறகு எடுத்துப் படித்தேன். அவர் பெயரைச் சொல்லி அழைத்து, உங்கள் பிளானில் சில மாற்றங்கள் செய்கிறோம் என்று தொடங்கியது. அடுத்த பில்லிலிருந்து ஒவ்வொரு லைனுக்கும் மாதக் கட்டணம் கூடும். மேலும் சிறந்த சேவை தருவதற்காக. எங்களோடு இருப்பதற்கு நன்றி. கீழே ஒரு லிங்க் இருந்தது. அதைத் தொடாமல் போனை மறுபடி சார்ஜரில் போட்டேன். தேதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

தேதி குறிப்பது என் பழைய பழக்கம். கீழக்கரையிலிருந்து எந்தக் குடும்பம் எந்த ஆண்டு ஹூஸ்டன் வந்தது, எந்தப் பெருநாள் தொழுகை எந்த மண்டபத்தில் நடந்தது, எந்தப் புயலில் யார் வீட்டில் யார் தங்கினார்கள் என்று யாரும் கேட்காமலே எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆண்டுக்கான பக்கங்களை இப்போது புரட்டினால் ஜனவரி வரை வாக்கியங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு தேதிகள் மட்டும்தான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஹில்கிராஃப்ட் கடைத்தெருவுக்கு இறைச்சி வாங்கப் போனார். திரும்பும்போது கடை வாசலில் காருக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பின் சீட்டில் இறைச்சிப் பை இருந்தது. அதை யாரோ எங்கள் வீட்டு ஃப்ரீசரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொரு இடமாகச் சொன்னேன். வங்கி, இன்சூரன்ஸ், அவர் ஆபீஸ், சோஷியல் செக்யூரிட்டி, கார்க் கடன், இந்தியத் தூதரகம். எல்லா இடத்திலும் அதே ஆங்கில வாக்கியம். முதல் இரண்டு தடவை குரல் நடுங்கியது. அதன் பிறகு வீட்டு முகவரியைச் சொல்வதுபோல் வந்துவிட்டது. மறுமுனையில் இருப்பவர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுங்கள் என்று பாட்டுப் போட்டார்கள். நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் மீதி இருந்தது போன் கம்பெனி ஒன்றுதான். அங்கே மட்டும் அவர் உயிரோடு இருந்தார். மாதம் தவறாமல் பில் அவர் பெயருக்கு வந்தது. பழைய கல்வெட்டுகளைப் பற்றி ஏதோ ஒரு புத்தகத்தில் படித்த நினைவு: மன்னன் இறந்த செய்தி வந்து சேராத ஊரில் அவன் ஆட்சியாண்டையே எண்ணிக்கொண்டு போவார்களாம். எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஊர் மிஞ்சியிருந்தது. நான் வேண்டுமென்றே மிச்சம் வைத்தேனா என்றால், தெரியவில்லை. அந்த அக்கவுண்டில் நாங்கள் மட்டும் இல்லை என்பது சொல்லிக்கொள்ள வசதியான காரணமாக இருந்தது.

அது ஒரு ஃபேமிலி பிளான். குடும்பம் என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது மூன்று வீடுகளை. கல்யாணத்துக்கு முன் அவரும் இன்னும் இருவரும் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஒரே அபார்ட்மெண்டில் இருந்தார்கள். மூவரும் சென்னையில் ஒன்றாகப் படித்தவர்கள். லைன் கூடக் கூட தலைக்குக் கட்டணம் குறையும் என்பதால் சேர்ந்து ஒரு பிளான் எடுத்தார்கள். முதலில் அமெரிக்கா வந்தவர் இவர், கிரெடிட் இருந்ததும் இவருக்குத்தான், அதனால் அக்கவுண்ட் இவர் பேரில். அன்றிலிருந்து மற்ற இருவருக்கும் இவர் "குடும்பத் தலைவர்". இல்லாவிட்டால் "பாய்".

பிறகு ஒருவர் ஜெர்சியிலேயே வீடு வாங்கினார். இன்னொருவர் கலிஃபோர்னியாவில் குபெர்டினோவுக்குப் போனார். நாங்கள் டெக்சஸ் வந்தோம். கல்யாணம் ஆக ஆக மனைவிகளுக்கு ஒரு லைன், பிள்ளைகள் வளர வளர அவர்களுக்கு ஒரு லைன். மொத்தம் ஒன்பது. மூன்று மாநிலங்களில் ஒரே குடும்பம். ஒவ்வொரு ஜனவரியிலும் இவர் வாட்ஸ்அப் குழுவில் அவரவர் பங்கை எழுதி, "குடும்ப மானம் காக்க உடனே அனுப்பவும்" என்று போடுவார். உடனே யாரும் அனுப்பியதில்லை. இவர் இரண்டு வாரம் திட்டுவார். மூன்று பேருக்கும் ஆண்டில் அதிகம் பேச்சு நடப்பது அந்த இரண்டு வாரத்தில்தான்.

முந்தின நவம்பரில் ஒன்பது பேரும் ஒன்றாகப் புதுப் போன் எடுத்திருந்தோம். போன் இலவசம் என்றுதான் பேச்சு. விலையை முப்பத்தாறு மாதத் தவணையாகப் போட்டு, அதே தொகையை மாதாமாதம் கழித்துக்கொண்டே வருவார்கள். நடுவில் விட்டுப் போனால் மீதி முழுவதும் நம் தலையில் விழும். கட்டணம் மாறாதா என்று இவர் கடையில் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. மாறாது என்றார் கடைக்காரர். மாறாதது தவணை மட்டும்தான் என்பது ஏப்ரலில் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு நாங்கள் கட்டுப்பட்டிருந்தோம். அவர்கள் எதற்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே ஜெர்சி நண்பரின் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா."

"இவர் ஒண்ணு கேக்கணுமாம். நேரா பேசக் கூடாதுல்ல, அதான் நான்."

பின்னாலிருந்து ஜெர்சி நண்பரின் குரல் கேட்டது. "பாய் போனுக்கு மெசேஜ் வந்துச்சான்னு கேளு."

"அண்ணன் போனுக்கு மெசேஜ் வந்துச்சான்னு கேக்கறாருக்கா."

"வந்துச்சு."

"வந்துச்சாம்."

"எனக்கே கேக்குது, ஸ்பீக்கர்லதானே வெச்சிருக்கே!"

நான் இத்தாவில் இருந்தேன். கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள், பிறைக் கணக்கில், வீட்டோடு இருக்கும் காலம். தேவைக்குப் போனில் பேசுவதில் தவறொன்றும் இல்லை. வேலையே நான் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த இரண்டு நண்பர்களும் இண்டர்நெட்டில் இத்தாவைப் பற்றிப் படித்துவிட்டு, எங்கள் ஊர் ஆலிம்களைவிடக் கண்டிப்பாக அதைக் கடைப்பிடித்தார்கள். "பேசலாம், பரவாயில்லை" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "இல்லக்கா, அண்ணனுக்கு மரியாதை" என்றார் அந்தப் பெண். விட்டுவிட்டேன்.

"கம்பெனியில அக்கவுண்ட் ஹோல்டர்கிட்ட மட்டும்தான் பேசுவாங்களாம்" என்றார் அவர். "அதனால இவர் பேசிடறாராம்."

"என்னன்னு?"

"அண்ணனா."

பின்னாலிருந்து உடனே குரல் வந்தது. "ஒன்பது லைனையும் தூக்கிட்டுப் போயிடுவேன்னு சொன்னா இறங்கி வருவான் அண்ணி. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அந்தப் போனுக்கு ஒரு கோட் வரும், படிச்சுச் சொன்னாப் போதும்."

"சரி" என்றேன். அந்த மாதங்களில் எதற்கும் நான் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது எங்களுக்குள் புதிதும் இல்லை. கம்பெனிக்காரர்களோடு போனில் பேச வேண்டும் என்றால், யாருக்கு வாய் இருக்கிறதோ அவர் பேசுவார், யார் பெயரில் அக்கவுண்ட் இருக்கிறதோ அவராக. ஈஸ்ட் பிரன்ஸ்விக் நாட்களில் குபெர்டினோ நண்பருக்கு ஆங்கிலம் தயக்கமாக வரும் என்பதால், கரண்ட் கம்பெனியிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் என் கணவர்தான் அவராகப் பேசியிருக்கிறார். நானே எத்தனையோ தடவை போனைக் காதில் வைத்து, "என் கணவர் பக்கத்தில்தான் இருக்கிறார், அவர் அனுமதி தருகிறார்" என்று சொல்லி அவரிடம் நீட்டியிருக்கிறேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "யெஸ், யெஸ்" என்பார்.

சனிக்கிழமை மதியம் பேசுவதாக முடிவானது. மூன்று வீடும் ஒரே அழைப்பில். குபெர்டினோ நண்பர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"டேய், போயிடுவேன்னு மிரட்டாதே" என்றார் அவர். "போக முடியாது. தவணை ரெண்டரை வருஷம் இருக்கு. அவனுக்கும் அது ஸ்க்ரீன்ல தெரியும்."

"நீ அந்த எக்ஸெல்ல மூடுறா. மிரட்டுறதுக்கு எதுக்குடா கால்குலேஷன்?"

"அண்ணி, நீங்க ம்யூட்ல இருங்க" என்றார் குபெர்டினோ நண்பர். இத்தாவில் என்னிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. ம்யூட் பண்ணினேன்.

கம்பெனியில் ஒரு பெண் எடுத்தார். மென்மையான குரல். அக்கவுண்ட் ஹோல்டரோடுதான் பேசுகிறேனா என்று கேட்டார். "யெஸ், ஸ்பீக்கிங்" என்றார் ஜெர்சி நண்பர். பெயரைச் சொல்லச் சொன்னபோது என் கணவரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார், எழுத்துக்கு ஓர் ஊர் வைத்து. எம் ஃபார் மெட்ராஸ். ஏ ஃபார் ஆம்பூர். என் கணவர் இப்படித்தான் சொல்வார். அமெரிக்கர்களுக்கு ஆம்பூரைத் தெரியுமா என்று நான் கேட்டால், தெரிந்துகொள்ளட்டும் என்பார். மூவரும் அந்த அபார்ட்மெண்டில் சேர்ந்து உண்டாக்கிய வழக்கம்போலும். அதுவரை அது இவருடையது மட்டும் என்று நினைத்திருந்தேன்.

கோட் வந்தது. ம்யூட்டை எடுக்காமல், அதை ஜெர்சி நண்பரின் மனைவிக்கு மெசேஜாக அனுப்பினேன். அவர் அதைக் கணவரிடம் காட்டியிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. கம்பெனிப் பெண் நன்றி சொன்னார். கடைசியாக ஒன்று, பாதுகாப்புக்காக, பிறந்த தேதி என்றார்.

ஜெர்சி நண்பர் யோசிக்கவே இல்லை. நவம்பரில் ஒரு தேதியைச் சொன்னார்.

சரியான தேதிதான். அவர் நவம்பரில், மழையில் பிறந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே பிரசவம் ஆனது என்று என் மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் அந்தத் தேதிக்கு ஜெர்சியிலிருந்தும் குபெர்டினோவிலிருந்தும் போன் வரும். பேச்சிலர் நாட்களில் கேக் வெட்டி அவர் முகத்தில் பூசிய போட்டோக்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஆனால் பள்ளியில் சேர்த்தபோது வயது போதவில்லை. ஹெட்மாஸ்டர் அவரை மே மாதத்துக்கு நகர்த்தினார். சர்டிபிகேட்டில் மே, பாஸ்போர்ட்டில் மே, கிரீன் கார்டில் மே. கம்பெனியில் மே.

மறுமுனையில் கீபோர்டு சத்தம் நின்றது. பொருந்தவில்லையே என்றார் அந்தப் பெண். ஜெர்சி நண்பர் சிரித்தார். ஆண்டை ஒன்று மாற்றிச் சொன்னார். அதுவும் பொருந்தவில்லை.

எனக்குத் தேதி தெரியும். போன் என் கையில் இருந்தது. கோட் அனுப்பிய அதே இடத்தில் ஒரு வரி தட்டியிருந்தால் போதும். விரல் திரைமேல் இருந்ததும் நினைவிருக்கிறது. ஒருவர் தன் பிறந்தநாளைத் தேடிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். பயமோ கோபமோ எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் இலை ஊதும் மெஷினை இழுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: பாதுகாப்புக்காக இந்த அக்கவுண்டைப் பூட்டுகிறோம். சேவை ஓடும், பில் வரும், ஆனால் எதையும் மாற்ற முடியாது. அக்கவுண்ட் ஹோல்டர் போட்டோ ஐடியோடு கடைக்கு நேரில் வர வேண்டும். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

"நோ. தேங்க் யூ" என்றார் ஜெர்சி நண்பர்.

கம்பெனிப் பெண் வைத்த பிறகும் நாங்கள் மூன்று வீடும் லைனிலேயே இருந்தோம்.

"டேய், பாய் நவம்பர்தானேடா?"

"நவம்பர்தான். கேக் வாங்கினது நான்."

"அப்புறம் ஏன்டா?"

நான் ம்யூட்டை எடுத்தேன். "சர்டிபிகேட்ல மே மாசம்."

குபெர்டினோ நண்பர் மெதுவாக, "எனக்கும் சர்டிபிகேட்ல வேறதான்" என்றார்.

"எனக்கும்தான்டா" என்றார் ஜெர்சி நண்பர். "ஆனா அவனுக்கும் இருக்கும்னு தோணவே இல்ல பாரு. நமக்கு அவன் நவம்பர்லயே பொறந்துட்டான்." பிறகு என்னிடம் சொன்னார்: "ஸாரி அண்ணி. பூட்ட வெச்சுட்டேன்."

"பரவாயில்லை" என்றேன்.

அதன் பிறகு இரண்டு வழிதான் என்று குபெர்டினோ நண்பர் விளக்கினார். ஒன்று, எதையும் தொடாமல் ஏறின விலையைக் கட்டிக்கொண்டு, தவணை முடியும்வரை அவர் பேரிலேயே ஓட்டுவது. ஏடிஎம் மாதிரி, பின் நம்பர் மாற்ற முடியாது, பணம் மட்டும் போகும். இன்னொன்று, கடைக்குப் போய்ச் சொல்வது. என்ன சொல்வது என்பதை அவர் சொல்லவில்லை.

"ஓட்டிடலாம் அண்ணி" என்றார் ஜெர்சி நண்பர். "நாலு காசு கூடப் போனாப் போகுது. பாய் பேரு அதுலயாவது இருக்கட்டும்."

ஓட்டலாம் என்று நானும் நினைத்தேன். நினைத்தேன் என்பது பெரிய வார்த்தை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு அப்போது சுலபமாக இருந்தது.

புது விலையில் முதல் பில் மே தொடக்கத்தில் வந்தது. அவர் பெயர், எங்கள் முகவரி, ஒன்பது எண்கள், ஒவ்வொன்றுக்கும் நேராகக் கூடின தொகை. முதலாவது எண் அவருடையது. ஜனவரிக்குப் பிறகு அதிலிருந்து ஓர் அழைப்பும் போகவில்லை என்பது அந்தக் காகிதத்தில் தெரியாது. எல்லா எண்ணுக்கும் ஒரே விலை.

அடுத்த வாரம், ஒரு பள்ளி நாள் காலை, என் மகள் சீரியல் கிண்ணத்தோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பதினோராம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் அப்போதெல்லாம் பாதி வாக்கியம்தான். அவர் போன் அதிர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"உம்மா. இட் சேஸ் ஹேப்பி பர்த்டே."

கம்பெனியின் வாழ்த்து. பலூன் படம், ஏதோ ஒரு தள்ளுபடிக் கூப்பன். ஒவ்வொரு மே மாதமும் வரும். "பாரு, உங்க யாருக்கும் ஞாபகம் இல்ல, கம்பெனிதான் விஷ் பண்ணுது" என்று எங்களிடம் காட்டுவார். அவள் சின்னவளாக இருந்தபோது அதைப் பெரிய ஜோக்காக நினைத்துச் சிரித்திருக்கிறாள். ஏன் ஜோக் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

"வாப்பா பர்த்டே நவம்பர்ல" என்றாள்.

"இது சர்டிபிகேட்டுக்கு."

அவள் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தே டோண்ட் நோ?"

"தெரியாது."

"விலை ஏத்தினாங்கன்னு அங்கிள் கத்தினாரே, அது வாப்பாவுக்கும் சேத்தா?" இதை முழுக்கத் தமிழில் கேட்டாள். அதனால்தான் எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"ஆமா. எல்லா லைனுக்கும்."

"தட்ஸ் நாட் ஃபேர்" என்றாள். பால் ஊறிப்போன சீரியலை சிங்க்கில் கொட்டினாள். "யூ ஷுட் டெல் தெம், உம்மா." பேக்கை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

வாழ்த்து அன்று முழுவதும் அந்தத் திரையில் இருந்தது. கடந்துபோகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. மாலையில் குழுவில் ஒரு வரி எழுதினேன்: இத்தா முடிந்ததும் கடைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். குபெர்டினோ நண்பர் கட்டைவிரல் போட்டார். ஜெர்சி நண்பர் பார்த்ததற்கான இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் மறுநாள்தான் வந்தது. "சரி அண்ணி."

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்னால் இத்தா முடிந்தது. ஊரிலிருந்து உம்மா போன் செய்து, வெளியே முதலில் எங்கே போகப்போகிறாய் என்று கேட்டார். பள்ளிவாசலுக்கு, இல்லாவிட்டால் சொந்தக்காரர் யார் வீட்டுக்காவது என்று எதிர்பார்த்திருப்பார்.

"போன் கடைக்கு" என்றேன்.

"அதுக்கு என்ன அவசரம்?"

"பூட்டிக் கிடக்குது உம்மா."

அவருக்குப் புரியவில்லை. துஆ ஓதிவிட்டு வைத்தார்.

மகள்தான் கார் ஓட்டினாள். ஃப்ரீவேயில் வெயிலில் கண் கூசியது. நான்கு மாதத்தில் ஒரு பெட்ரோல் பங்க் நிறம் மாறியிருந்தது. வேறு மாற்றம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

நவம்பரில் ஒன்பது போன் எடுத்த அதே கடை. கவுண்டரில் இருந்த பையன் புதியவன். நான் இறப்புச் சான்றிதழை மேடைமேல் வைத்து, அந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன். முகவரியைப்போலத்தான் வந்தது. அவன் வருத்தம் தெரிவித்துவிட்டு, சான்றிதழைப் பார்த்துப் பார்த்துத் தட்டினான். இறந்த தேதி கேட்டான், சொன்னேன். பிறந்த தேதி கேட்டான். மே மாதத் தேதியைச் சொன்னேன். பொருந்தியது. பூட்டுத் திறந்துவிட்டது என்றான்.

பிறகு விளக்கினான். அக்கவுண்டை என் பேருக்கு மாற்றலாம். பழைய விலை திரும்ப வராது, ஏறின விலைதான். மற்ற வீடுகள் விரும்பினால் இதிலேயே இருக்கலாம். தவணைகள் அப்படியே தொடரும். "ஆனால் உங்கள் கணவருடைய லைனுக்கு மட்டும் தவணை ரத்து" என்றான். "அபராதம் எதுவும் கிடையாது."

குபெர்டினோ நண்பர் எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்தும் கிடைக்காத வழி. ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் ஒப்பந்தத்துக்கு நடுவில் கதவு திறந்தது.

அந்த எண்ணை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டான். வைத்துக்கொண்டால் மற்ற லைன்களைப் போல மாதக் கட்டணம் உண்டு. விட்டால் சில காலம் கழித்து வேறு யாருக்காவது போகும்.

மகளைப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய போன் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்சியில் எடுத்த எண் அது. ஏரியா கோட் இன்னும் ஜெர்சியுடையது. டெக்சஸில் இத்தனை ஆண்டு இருந்தும் அவர் மாற்றவில்லை. அதை என் விரல் தானாகத் தட்டும்.

"விட்டுடுங்க" என்றேன். ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பையன் விழித்தான். மகள் திரும்பி, "லெட் இட் கோ" என்றாள் அவனிடம்.

குழுவுக்குச் செய்தி அனுப்பினேன்: என் பேருக்கு மாறுகிறது, விலை ஏறினதுதான், இருக்கிறீர்களா, போகிறீர்களா. பையன் ஏதோ படிவம் அச்சடிக்கப் போயிருந்தான். திரும்பி வருமுன் குபெர்டினோ நண்பர் "இருக்கோம்" என்று போட்டார். எக்ஸெல் எதுவும் இணைக்கவில்லை. ஜெர்சி நண்பர் முதல்முறையாக என்னை நேராகப் போனில் கூப்பிட்டார்.

"இத்தா முடிஞ்சுதுல்ல அண்ணி, பேசலாம்ல?"

"அப்பவும் பேசியிருக்கலாம்."

"தெரியல அண்ணி, பயமா இருந்துச்சு. இங்க பாருங்க, எங்களை எங்கயும் அனுப்பிடாதீங்க. ஜனவரியில நீங்க திட்டணும். பாய் மாதிரியே ரெண்டு வாரம். நாங்க லேட்டாத்தான் அனுப்புவோம்."

"சரி" என்றேன். அந்தச் சரி முந்தைய சரிகளைப் போலத்தான் ஒலித்தது. வேறு மாதிரி இருந்ததா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கடைசியாகப் பையன் என் விவரங்களைக் கேட்டான். பெயர், முகவரி, பிறந்த தேதி. சொன்னேன். பக்கத்தில் மகள் நிமிர்ந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். கார் கொதித்துக்கொண்டிருந்தது. ஏசியைப் போட்டுவிட்டு அவள் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உம்மா, நீ ஜூன்னு சொன்னே."

"ஆமா."

"உன் பர்த்டே ஆகஸ்ட். வி ஆல்வேஸ் டூ ஆகஸ்ட்."

"ஆகஸ்ட்ல பொறந்தேன். சர்டிபிகேட்ல ஜூன்."

"உனக்குமா?" ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பார்க்க முடியவில்லை. தலையைத் தூக்கியபோது முகம் சாதாரணமாக இருந்தது. தன் போனை எடுத்தாள். "ஜூன் என்ன தேதி? மறுபடி சொல்லு."

சொன்னேன். அவள் தட்டினாள்.

"எதுக்கு இப்ப?"

"ஒருநாள் எங்கிட்ட கேப்பாங்கல்ல" என்றாள். போனைக் கப் வைக்கும் குழியில் போட்டுவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியைப் பின்னால் எடுத்தாள்.